கோச்சும் மகளும் இறங்கிய விதம்

மூன்றாவது மாடியிலிருந்து அவள் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

முகம் வீட்டுக் கதவைப் பார்த்தபடி. இரண்டு கையும் கைப்பிடிக் கம்பியில். ஒரு காலைப் பின்னால் நீட்டி, நுனிக்காலால் படியைத் தடவிப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உடம்பை இறக்கினாள். அவளுக்கு இரண்டு படி கீழே, தோளில் அவளுடைய பந்தயப் பையோடு, அவள் கணவன் காவலுக்கு நின்றான். திருடப் போகிறவர்கள்கூட இவ்வளவு எச்சரிக்கையாக இறங்க மாட்டார்கள்.

"கதவுச் சத்தம்," என்றான் அவன்.

அவள் சட்டென்று திரும்பிப் படியில் உட்கார்ந்தாள். ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள். இரண்டாம் மாடி அம்மாள் குப்பைக்கூடையோடு வெளியே வந்தாள்.

"இன்னைக்குத்தானே மலை ஏறுற போட்டி? உன் கால் ரெண்டும் இரும்புன்னு உங்கப்பா நேத்துகூட சொல்லிட்டிருந்தார்."

"அவருக்கு அப்படித்தாங்க தோணும்."

"ஆனா ஏம்மா இப்படி வாடிப்போயிருக்கே?"

"தூக்கம் இல்லைங்க."

அது மட்டும் பொய் இல்லை. அம்மாள் உள்ளே போனதும் எழுந்து மறுபடி மேலே பார்த்து நின்றாள். பாதி வழிக்கு மேல் பாக்கி இருந்தது.

போன வாரம் எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: ஏறலாம், இறங்கக் கூடாது. முழங்கால் சில்லுக்கு அடியில் இருக்கவேண்டிய மெத்தை தேய்ந்துவிட்டது. ஏறும்போது தொடை பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது மொத்த ஆளும் அந்தச் சில்லின் மேல் வந்து உட்காருவார். இப்படியே இறங்கிக்கொண்டிருந்தால் சீக்கிரமே சாதாரண நடையும் போய்விடும்.

"மலையோட்டக்காரிக்கு இது நல்ல சேதியா, கெட்ட சேதியா டாக்டர்?"

"அந்த மலையில கேபிள் கார் இருக்கா?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டார்.

இருந்தது. அதை ஓட்டுகிறவனே வீட்டில் இருந்தான். அவள் ஓடும் பந்தயமும் நேர்செங்குத்தாக ஏறுவதோடு முடிந்துவிடும். உச்சியில் எல்லைக் கோட்டைத் தொட்டதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கேபிள் காரில் இறங்கிவிடலாம். அதனால்தான் இரண்டு வருஷமாக அந்த முழங்கால் யாருக்கும் தெரியாமல் பிழைத்தது. கணவனுக்கு மட்டும் தெரியும். அவன்தான் தினமும் படியில் காவல்.

"எனக்கும் அலுத்துப்போச்சு," என்றான் அவன், கடைசிப் படியில் அவள் கையைப் பிடித்து. "ஒரு நாள் சொல்லிடு. பக்கத்து வீட்டுக்குப் பயந்து மாடிப்படியில ஒளிஞ்சு விளையாடற வயசா நமக்கு?"

"இன்னைக்கு முடியட்டும்."

"அஞ்சாவதா வந்துடு. அஞ்சாவதா வந்தவங்களை யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டாங்க."

அதுதான் திட்டம். கோச்சைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது நல்ல திட்டம்.

*

கோச் என்பது அவளுடைய அப்பா.

மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலைப் பந்தயம் தொடங்கிய புதிதில் ஒரு தடவை ஜெயித்தார். அந்த வருஷம் மொத்தம் பதினோரு பேர் ஓடினார்கள் என்பதை அவர் சொல்வதில்லை; "அந்தக் காலத்துப் போட்டி வேற மாதிரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்றிலிருந்து கழுத்தில் விசில். கல்யாண வீட்டுக்குப் போனாலும் விசில் சட்டைக்குள் இருக்கும். பந்தய நாளில் பிள்ளைகள் யாரும் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. கோச். அம்மாவே அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட வேண்டும். அம்மா அதற்காகவே பந்தய நாளில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

இன்று கோச்சுக்குப் பெரிய நாள். உச்சியில் பரிசு கொடுத்த கையோடு 'உச்சி அகாடமி'யை அறிவிக்கப் போகிறார். சத்துப்பொடி விற்கிற முதலாளி ஒருவர் பணம் போடுகிறார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: இந்த வருஷம் குடும்பத்தில் ஒருத்தராவது பரிசு மேடையில் ஏறியிருக்க வேண்டும். ஜெயிக்கிற முகம் இல்லாமல் பொடி விற்காதாம்.

தலைமைப் பயிற்சியாளர் மூத்த மகளான இவள்தான். தினமும் பிள்ளைகளை நடத்தியே மேலே கூட்டிப்போய், நடத்தியே கீழே கூட்டிவர வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. "கேபிள்ல இறங்கறவன் சுற்றுலாப் பயணி, கால்ல இறங்கறவன்தான் வீரன்" என்று விளம்பரத் தாளில் அச்சாகிவிட்டது. அவள் வேலை பார்க்கும் பல் பட்டறையில் அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே அவளுக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஊர்பேர் தெரியாதவர்களின் வாய் அச்சுகள். மெழுகில் பல் செதுக்குகிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை. எந்தப் பல்லும் அவளை முட்டியைத் தூக்கச் சொன்னதில்லை.

கீழ் நிலையத்துக்கு வெளியே பந்தயக்காரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நின்றார்கள். முதலாளி வரத் தாமதமானதால் சூடு ஆறி, மறுபடி ஏற்றி, மறுபடி ஆறியது.

மைக் அவள் தம்பியிடம் இருந்தது. வாரம் முழுக்கக் குளியலறை ஓடு விற்கிற கடையில் நிற்பவன். மைக் கைக்கு வந்தால் ஆள் மாறிவிடுவான்.

"மலை வெளியே இல்லை நண்பர்களே. அது நமக்குள்ளே இருக்கிறது."

"அப்ப எதுக்குடா எங்களை இங்க வரச் சொன்னே?" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே.

முதலாளி ஒரு வழியாக வந்து இறங்கினார். மண்ணையே பார்த்திராத புத்தம்புது ஓட்டக் காலணி, வெள்ளை வெளேரென்று. பின்னால் ஒருவன் பொடி டப்பாக்களோடு வந்தான். கோச் அவரைக் கேபிள் கார் பக்கம் திருப்பிவிட்டு மகளிடம் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கையில் ஒலிபெருக்கிக் குழல்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு, கோச்."

"கால் எப்படி?"

"இருக்கு."

"வலின்னா என்ன?"

"வதந்தி, கோச்."

சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிற பதில். இப்போது பனியனிலும் அச்சடித்திருந்தது. அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு, முதலாளியோடு கேபிள் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

*

ஓட்டப்பந்தயம் என்று பெயர். முதல் வளைவுக்கு மேல் யாரும் ஓடுவதில்லை.

சரிவு முகத்துக்கு நேரே எழுந்து நிற்கும். கைத்தடிகளை ஊன்றி, முதுகை வளைத்து, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியதுதான். குதிகால் தரையைத் தொடாது. கெண்டைக்கால் முறுக்கிப் பிழிந்த துணியாகிவிடும். பாதி மலையில் வாயில் இரும்பு ருசி வரும். இதற்குக் கைதட்ட ஆட்கள் வழிநெடுக நிற்பார்கள். அவர்கள் கையில் சூடான டீ இருக்கும்.

எல்லாரையும் ஒன்றாக விட்டார்கள். அவளும் போனாள். சீக்கிரமே வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டாள். பெண்களில் ஐந்தாவது. மூச்சு சீராக வந்தது. கால் வலிக்கவில்லை. ஏறும்போது வலிக்காது, அதுதான் அந்தக் காலின் மோசடி.

தலைக்கு மேலே நிழல் கடந்தது. கேபிள் பெட்டி. ஜன்னலிலிருந்து குழல் நீண்டது.

"முட்டியைத் தூக்கு. முட்டியைத் தூக்கு."

மலை முழுக்கக் கேட்டது. அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஒரு தபால்காரர் பயந்துபோய்த் தன் முட்டியைத் தூக்கினார்.

தோற்க வேண்டும் என்றுதான் ஏறினாள். அதில் ஒன்றும் கஷ்டம் இருக்காது என்று நினைத்திருந்தாள். ஆனால் மேல் சரிவில் ஒரு நீலச்சட்டை முதுகு தெரிந்தது. களைத்த முதுகு. தோள்கள் இறங்கி, தடிகள் கண்ட இடத்தில் ஊன்றிக்கொண்டிருந்தன. இருபத்தைந்து வருஷமாக அவள் கால்களுக்கு ஒரே ஒரு பழக்கம்தான் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது: முன்னால் முதுகு தெரிந்தால் அதைத் தாண்டு. அகாடமி, டாக்டர், பல் மேஜை எல்லாம் தலையில்தான் இருந்தன. காலுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.

தாண்டிவிட்டாள்.

நாலாவதுதானே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேலே ஒரு பச்சைச்சட்டை தெரிந்தது.

கோட்டைத் தொட்டதும் தடியில் சாய்ந்து வெறும் எச்சிலாகத் துப்பினாள். யாரோ போர்வை போர்த்தினார்கள்.

"மூணாவது," என்றது பக்கத்தில் ஒரு பெண் குரல். "மேடைக்கு வாங்க."

"ஐயோ," என்றாள் மெதுவாக. சந்தோஷத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் கட்டிக்கொண்டாள்.

*

கீழே, கேபிள் அறையில், அவள் கணவன் காற்றுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்ன அறை. ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல், ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு கெட்டில். கண்ணாடிக்கு வெளியே கம்பிவடம் மேகத்துக்குள் போய் மறைந்தது. உச்சிக் கோபுரத்தில் அடிக்கிற காற்றை இங்கே ஒரு முள் காட்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். காற்று அடங்கினாலும் உடனே ஓட்டக் கூடாது. கொஞ்ச நேரம் காத்திருந்து, உண்மையாகவே அடங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது ஓட்டுகிறவன் பொறுப்பு.

முள் தாண்டியது. பொத்தானை அழுத்தினான். வடம் நின்றது. மேலே போயிருந்த கடைசிப் பெட்டியை உள்ளே இழுத்துப் பூட்டச் சொல்லி போன் செய்தான்.

தம்பி மைக்கோடு ஓடி வந்தான்.

"மாமா, என்ன நிறுத்திட்டீங்க? பரிசு முடிஞ்சு எல்லாரும் இறங்கணும். முதலாளி மேலே இருக்கார்."

"காத்து."

"இப்ப முள்ளு கோட்டுக்குக் கீழேதானே இருக்கு?"

"இப்ப இருக்கு."

"அப்ப ஒரே ஒரு ட்ரிப். விஐபிக்கு மட்டும்."

"விஐபின்னு சொன்னா காத்து ஒதுங்கிப் போயிடுமா?"

"அக்காவும் மேலேதான் இருக்கா, மாமா. மூணாவது வந்திருக்கா."

அவன் கெட்டிலை எடுத்தான், வைத்தான். "மூணாவதா?" என்றான்.

"ஆமா. சந்தோஷமா இல்லையா உங்களுக்கு?"

போன் அடித்தது. மனைவி.

"நிறுத்திட்டீங்களா?"

"காத்து."

"எல்லாரையும் நடந்து இறங்கச் சொல்றாங்க."

"மேல் சரிவு மட்டும்தான். அதுக்குக் கீழே ஜீப் ரோடு, அங்கேர்ந்து வண்டி வருது."

"அந்தச் சரிவை நான் எப்படி இறங்குவேன்?"

தம்பி பக்கத்தில் நின்றான். கணவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "நம்ம வீட்டுப் படியில எப்படி இறங்குவியோ அப்படி."

"காவலுக்கு யாரு?"

"இன்னைக்குக் காவல் வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

*

உச்சியில் கோச் அகாடமியை அறிவித்து முடித்திருந்தார். காற்றில் பாதி வார்த்தை எதிர்ச்சரிவுக்குப் போய்விட்டது. "என் மகள்... ஏற்றமும்... இறக்கமும்... நாளை முதல்..." என்று கேட்டவரைக்கும் கைதட்டினார்கள். நடந்துதான் இறங்க வேண்டும் என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. முதலாளி இரண்டு தொண்டர்களின் தோளில் தொங்கிக்கொண்டு புறப்பட்டார். வெள்ளைக் காலணி முதல் திருப்பத்திலேயே நிறம் மாறியது.

"நீங்க ரெண்டு பேரும் வரலையா?" என்று கடைசியாகப் போனவர்கள் கேட்டார்கள்.

"நான் கோச். கடைசி ஆள் இறங்கின பிறகுதான் நான் இறங்கணும். அது மரபு."

"நான் கொஞ்சம் காலை ஆத்திக்கிட்டு வரேன்," என்றாள் அவள்.

எல்லாரும் போனார்கள். அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள், நடுவில் காலியான மேடையோடு.

"நீ கிளம்பு," என்றார் கோச்.

"நீங்க முன்னாடி போங்க, கோச்."

"நான் இந்தப் பலகையை எல்லாம் எடுத்து வைக்கணும்."

"அதுக்கு ஆள் வருவாங்க."

"காட்சியை ரசிச்சுட்டு வரேன். நீ போ."

காட்சி என்று ஒன்றும் இல்லை. மேகம்தான் இருந்தது. இரண்டு பேரும் அதையே கொஞ்ச நேரம் ரசித்தார்கள். வேர்வை ஆறி அவளுக்குப் பல் கிட்டியது. கோச் விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். யார் முதலில் இறங்கத் தொடங்கினாலும் மற்றவர் பின்னாலிருந்து பார்ப்பார். இரண்டு பேருக்கும் அதுதான் பயம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவள், கேபிளில் மேலே வந்திருந்த தன் பையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கோச் அங்கே இல்லை.

சரிவின் ஓரத்துக்கு வந்து பார்த்தாள்.

கோச் கொஞ்சம் கீழே இருந்தார். முகம் மலையைப் பார்த்து. ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் நீட்டி, ஷூ நுனியால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். தினமும் மூன்று மாடி அவள் இறங்குகிற கால் அது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஷூ நாடா அவுந்துடுச்சு," என்றார் கோச்.

"ஷூல நாடாவே இல்லையே. ஒட்டறதுதானே போட்டிருக்கீங்க."

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். அவள் ஒரு தடியை அவருக்கு நீட்டினாள். தானும் திரும்பி நின்று, மலையைப் பார்த்துக்கொண்டு, பின்னால் ஒரு காலை வைத்தாள்.

கோச் அந்தக் காலை நன்றாகப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"ரெண்டு வருஷம். உங்களுக்கு?"

"நீ அப்ப ஸ்கூல்ல."

பக்கத்தில் பக்கத்தில் இறங்கினார்கள். ஒரு தடி, ஒரு அடி, ஒரு மூச்சு. ஒவ்வொரு அடிக்கும் அவரிடமிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?" என்றாள் அவள்.

கோச் கொஞ்சம் யோசித்தார்.

"வதந்தி," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முட்டி நடுங்கியது. நின்று, தடியில் நெற்றியை வைத்துச் சிரித்துவிட்டு மறுபடி இறங்கினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அன்னைக்கே கட்டிலைக் கீழ் அறைக்கு மாத்திட்டா. மாடியில காத்து வரலையாம். அப்படின்னு சொன்னா."

"தெரியாதவங்க செய்யற வேலையா அது?"

"நான் கேட்கலை. அவளும் சொல்லலை." ஒரு அடி. "ம்ம். டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

"ஏறலாம்னார். இறங்கக் கூடாதுன்னார்."

"அதிர்ஷ்டக்காரி. என்கிட்ட ரெண்டும் கூடாதுன்னுட்டார்."

காற்று முதுகில் அடித்தது. கீழே எங்கேயோ தம்பியின் மைக் கொரகொரவென்று கேட்டது. என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை.

"அப்பா," என்றாள் அவள்.

பந்தய நாள். அவர் திருத்துவார் என்று காத்திருந்தாள். திருத்தவில்லை.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு தினம் மூணு தடவை என்னால இறங்க முடியாது. அடுத்த வருஷம் நான் கக்கூஸுக்கே நடக்க முடியாமப் போயிடும். எனக்குப் பல் செய்யற வேலை போதும். எனக்கு அலுத்துப்போச்சுப்பா. ஜெயிச்சு ஜெயிச்சு இல்லை. ஓடி ஓடி."

கோச் அடுத்த அடியையும், அதற்கடுத்த அடியையும் தேடினார்.

"நீ இல்லைன்னா அந்த ஆள் பொடி வேற வீட்டுக்குப் போயிடும்," என்றார். பிறகு, "நான் கீழே போய் சொல்லிடறேன். நானே சொல்றேன். நீ வாயைத் திறக்க வேண்டாம்."

"நிஜமா?"

"கோச் சொன்னா சொன்னதுதான்," என்றவர், கொஞ்சம் நிதானித்து, "அப்பா சொல்றேன்," என்றார்.

*

கீழே நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

பரிசளிப்பைக் காட்ட நிலையத்து வாசலில் பெரிய திரை ஒன்று கட்டியிருந்தார்கள். எதிரே, கூடாரத்துக்குள், தூரத்தை இழுத்துக் காட்டும் கேமரா. கேபிள் நின்றதும் காட்ட ஒன்றும் இல்லை. கேமராக்காரர் சும்மா மலையைத் துழாவிக்கொண்டிருந்தார். மேகம் கொஞ்சம் விலகியது. திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு, தடி ஊன்றி, மெல்ல மெல்லப் பின்னோக்கி இறங்கிக்கொண்டு.

கூட்டம் பேச்சை நிறுத்தியது.

மௌனம் தம்பிக்கு ஆகாது. மைக் கையில் இருந்தது.

"நண்பர்களே," என்றான். "நீங்கள் பார்ப்பது... உச்சி அகாடமியின் தனிப் பயிற்சி முறை. மலைக்கு முதுகு காட்டாமல் இறங்குவது."

சொன்ன பிறகு அவனுக்கே பிடித்துப்போனது.

"ஏறும்போது எந்த மரியாதையோடு மலையைப் பார்த்தோமோ, அதே மரியாதையோடு இறங்குகிறோம். கோச்சும் அவர் மகளும் இதைப் பல வருஷமாக ரகசியமாகப் பயின்றுவருகிறார்கள்."

தான் சொன்னதில் பாதி உண்மை என்று அவனுக்குத் தெரியாது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு அப்பா தன் பிள்ளையைத் திருப்பி நிறுத்தினார். "பின்னாடி நட பார்க்கலாம்." பிள்ளை நடந்து ஒரு சைக்கிளில் மோதியது. இன்னும் நாலு பேர் நடந்தார்கள். கொப்புளக் காலோடு ஜீப்பில் வந்து இறங்கிய முதலாளி திரையைப் பார்த்துவிட்டுக் காலணியைக் கழற்ற மறந்து நின்றார்.

கோச்சும் மகளும் ஜீப்பிலிருந்து கைத்தாங்கலாக இறங்கியபோது கைதட்டல் காதை அடைத்தது.

"என்னடா இது?" என்றார் கோச்.

"அப்புறம் சொல்றேன், கோச். கையைத் தூக்குங்க," என்றான் தம்பி.

முதலாளி கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை என்கிட்ட சொல்லவே இல்லையே. இதுக்கு ரெண்டு மடங்கு போடலாமே நான்."

அவள் தம்பி கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அப்பா சொல்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அப்பாவின் முகம் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்த விதம் அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

"எனக்கு முழங்கால் போச்சு," என்றாள் மைக்கில். "நேரா இறங்க முடியாது. அதான் பின்னாடி நடந்து வந்தேன். வேற ஒண்ணும் இல்லை."

கூட்டம் சிரித்தது. மூன்றாவது வந்தவளுக்கு முழங்கால் போச்சாம். என்ன அடக்கம், என்ன நகைச்சுவை. முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

கோச் மைக்கை வாங்கினார்.

"எனக்கும்தான்," என்றார்.

அதற்கு விசிலடித்தார்கள்.

"வலி..." என்று ஆரம்பித்தார் அவர், என்ன சொல்லவென்று தெரியாமல்.

"வதந்தி," என்று மொத்தக் கூட்டமும் முடித்துவைத்தது.

கோச் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பதினோரு பேர் ஓடிய வருஷத்தில்கூட இவ்வளவு பேர் அவருக்காகக் கைதட்டியதில்லை. மகளைப் பார்த்தார். அவள் ஜீப்பின் மேல் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றாள். தூக்கம் இல்லாத முகம்.

"அகாடமியை என் பொண்ணு நடத்த மாட்டா," என்றார்.

சத்தம் அடங்கியது. முதலாளி கையை விட்டார்.

"அவளுக்கு வேற வேலை இருக்கு. பல் செய்யறா. நல்லா செய்யறா." தொண்டையைச் செருமினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, திரையில் அவர் முகம் வீடு அளவுக்குத் தெரிந்தது, மைக் வேறு சூடாக இருந்தது.

"நானே நடத்தறேன்," என்றார். "நாளைலேர்ந்து, முன்னாடி நின்னு, பின்னாடி நடந்து."

முதலாளி மறுபடி கையைப் பிடித்துக்கொண்டார்.

*

கேபிள் அறையில் கணவன் அவளுக்கு டீ ஊற்றினான். அவள் அவனுடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கருவிப் பெட்டியின் மேல் நீட்டியிருந்தாள். வெளியே தம்பி பேர் எழுதிக்கொண்டிருந்தான். வரிசை சாலை வரைக்கும் நின்றது.

"சொல்லிட்டேன்," என்றாள்.

"கேட்டேன்."

"யாரும் நம்பலை."

"உங்கப்பா நம்பிட்டார் இல்ல. போதும்."

அவள் டீயைக் குடித்தாள். காற்றுமானியைப் பார்த்தாள். முள் அடியில் படுத்திருந்தது. வடம் இன்னும் ஓடவில்லை.

"காத்து எப்ப அடங்குச்சு?"

அவன் கெட்டிலை மூடினான். மூடி சரியாகத்தான் இருந்தது. மறுபடி திறந்து மூடினான்.

"நாளைலேர்ந்து நீ படியில எப்படி வேணா இறங்கலாம்," என்றான். "நான் பையை மட்டும் தூக்கிக்கிட்டு வரேன்."

கதவு மெல்லத் திறந்தது. கோச். விசிலைச் சட்டைக்குள் போட்டிருந்தார். மகளைப் பார்த்துத் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, நாளைக்குக் காலைல பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பெட்டி மேலே போகுமா? சாயங்காலமும் ஒண்ணு, எல்லாரும் போன பிறகு? மரத்துக்குப் பின்னாடி நான் நிக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"காத்து இல்லைன்னா போகும், மாமா."

"காத்து," என்று கோச் தலையை ஆட்டினார். திரும்பும்போது கண்ணாடிக்கு வெளியே பார்வை போனது. பந்தயக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. டீக்கடை வாசலில் புகை நேராக மேலே போயிற்று.

கோச் கொடியைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை, ரொம்ப நேரம், பார்த்தார்.